பக்கத்து வண்டிக் கதவு

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் திருப்பனந்தாள் பக்கம் கல்யாண மண்டபம் கிடைப்பது கஷ்டம். மண்டபம் கிடைத்துவிட்டாலும், வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். முகூர்த்த நாளில் சோழபுரத்திலிருந்து அணைக்கரை வரைக்கும் சாலையோரம் வண்டிகள் நிற்கிற நிற்பைப் பார்த்தால், ஊரில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைவது கார்தானோ என்று தோன்றும். முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்து வண்டியைப் பார்த்தால், கதவில் ஒரு சின்னப் பள்ளம். எட்டணா அளவுதான் இருக்கும். பக்கத்தில் நின்ற வண்டி எப்போதோ போயிருக்கும்.

இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். தலைகீழாகக் கவிழ்ந்த லாரிக்காக என்னிடம் சண்டை போட்டவர்களைவிட, எட்டணாப் பள்ளத்துக்காகச் சண்டை போட்டவர்கள் அதிகம். லாரிக்காரருக்கு நஷ்டம் மட்டும்தான். பள்ளக்காரருக்கு நஷ்டத்தோடு கோபமும் உண்டு. யார் செய்தது என்று தெரியாத கோபம் சீக்கிரம் ஆறாது.

பழைய காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது கல்யாணத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். கூண்டு வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கம்தான். வண்டிகளைச் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி நிறுத்தினாலும் இறங்குகிறவருக்கும் பக்கத்து வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. அப்போதும் வண்டிக்காரர்கள் ஒட்டி நிறுத்தமாட்டார்கள். அச்சு முனை சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் காலையில் மாட்டைப் பூட்டும்போது தகராறு. அதனால் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டுத்தான் நுகத்தடியை இறக்குவார்கள். யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. அவர்களுக்கே அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

பிறகு அம்பாசிடர் வந்தது. ஊரில் ஒன்றோ இரண்டோ. அதன் அகலம் 1,662 மில்லிமீட்டர். அதாவது ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. தகடும் கனம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் அகலம் 1,440 மில்லிமீட்டர்தான். நாலே முக்கால் அடி. மாருதியும் அம்பாசிடரும் 2014இல் நின்று போயின. அதற்குள்ளேயே கார்கள் பெருக்க ஆரம்பித்துவிட்டன, நீளத்தில் மட்டுமல்ல, குறுக்கிலும்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்பதுதான் நம் ஊரில் கட்டட வரைபடம் போடுகிறவர்கள் கையாளும் அளவு. அந்தக் கட்டத்தில் நட்ட நடுவில் ஒரு மாருதி 800, பக்கத்துக் கட்டத்தில் நட்ட நடுவில் இன்னொரு மாருதி 800 நின்றால், இரண்டுக்கும் இடையே 106 சென்டிமீட்டர் இருக்கும். மூன்றரை அடி. தாம்பாளத்தோடு ஒரு மாமி இறங்கி நிற்கலாம். இப்போது அதே இரண்டு கட்டத்தில் இரண்டு ஸ்விஃப்ட்டை நிறுத்துங்கள். ஸ்விஃப்ட்டின் அகலம் 1,735. இடைவெளி 76 சென்டிமீட்டர். இரண்டு இன்னோவா கிரிஸ்டா (1,830) என்றால் 67. இரண்டு ஸ்கார்ப்பியோ என் (1,917) என்றால் 58 சென்டிமீட்டர். அதிலும் இரண்டு வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டடிக்கும் குறைவான அந்தச் சந்தில்தான் கதவைத் திறந்து, கதவின் கனத்தையும் தாண்டி, ஒரு மனிதர் உடம்பை வெளியே எடுக்க வேண்டும். கட்டம் வளரவில்லை, வண்டி வளர்ந்துவிட்டது. வயதாக ஆக நம் உடம்பும் அப்படித்தான்.

இது கோடு போட்ட இடத்தின் கதை. மண்டபத்தில் ஏது கோடு? அங்கே கோடு, சட்டம், தீர்ப்பு எல்லாம் ஒரு விசில்தான். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ‘வா வா வா… இன்னும் வா… ஒடி ஒடி…’ என்று கை காட்டுவார். எத்தனை வண்டியை அடைக்கிறோம் என்பதில்தான் அவர் சாமர்த்தியம். உள்ளே இருப்பவர் எப்படி இறங்குவார் என்பது அவர் வேலை அல்ல. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ‘இருநூறு கார் நிறுத்தலாம்’ என்று மண்டபத்துக்காரர் விளம்பரத்தில் போட்டுவிட்டார். அந்த இருநூறைக் காட்ட வேண்டியது இந்த ஆள்தானே.

வண்டிக் கதவால் மற்றவர் கதவைக் குத்துவதில் கெட்டவர் நல்லவர் என்று பிரிக்க முடியாது. இரண்டு கையிலும் சாமான் இருந்தால் யாருமே குத்துவார்கள். எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். ராமாயணத்துத் தாடகை இல்லை, இவள் வேறு. இரண்டு கையிலும் மாலையை ஏந்தி நின்றபோது சேலை நழுவ, அதை முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவித்தாள். அவளுக்காகச் சுவாமி தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானை கட்டி இழுத்தும் முடியாமல், குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்ததும்தான் நிமிர்ந்தது என்பது தல வரலாறு. கல்யாணத்தன்று சீர்வரிசைத் தட்டோடு, பட்டுப்புடவையை இடுக்கிக்கொண்டு, இடுப்பால் கதவைத் தள்ளி இறங்குகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாடகை ஞாபகம் வரும். சுவாமி சாய்ந்து கொடுத்தார். பக்கத்தில் நிற்கிற கார் சாய்ந்து கொடுக்காது.

இப்போது என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. போன வருஷம் ஒரு நெருங்கிய உறவுக் கல்யாணத்துக்குப் பேரன் ஓட்டிய வண்டியில் வந்தாள். விசில்காரர் வண்டியை உள்ளே வாங்கி, ஒரு புத்தம்புதுக் கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி விட்டு நிறுத்த வைத்துவிட்டார். அக்கா பின்சீட்டில் இடது பக்கம். முழங்கால் வலிக்காரர்கள் எப்படி இறங்குவார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கதவைத் திறந்து, அந்தக் கதவையே பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். உடம்பின் பாரம் முழுதும் கதவில் விழும். கதவு தானாக இன்னும் அகலும். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த வண்டிக்காரப் பையன் பக்கத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டு வழியில் சொந்தம்தான். முப்பது வயது இருக்கும். ‘கண்ணு தெரியலியா பாட்டி, வண்டி வாங்கி பத்து நாள்தான் ஆவுது’ என்று போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ‘தெரியாம பட்டுடுச்சு தம்பி’ என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தவள் இலையில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று கல்யாணம் வந்துவிட்டது. ‘காலு வலிக்குதுடா, நீங்க போய்ட்டு வாங்க’ என்கிறாள். கால் வலி மூன்று வருஷமாகவே இருக்கிறது.

அந்தப் பையனின் வண்டியில் விழுந்தது ஒரு கோடு. தேய்த்து மெழுகு போட்டால் போகிற கோடு. பத்து நாள் வண்டி, வயிறு எரியத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. வங்கிக் கடன் ஐந்தோ ஏழோ வருஷம் கட்ட வேண்டும். பள்ளம் விழுந்த வண்டிக்கும் தவணை அதேதான். ஆனால் என் கட்சி இதுதான்: கார் நிறுத்துகிற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கதவு அல்ல, இறங்குகிற ஆள். ஆள் சௌகரியமாக இறங்கிவிட்டால் பக்கத்துக் கதவுக்கும் ஆபத்தில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை அல்ல.

ஆகவே முதல் வேலை, வண்டியைச் சந்துக்குள் விடுவதற்கு முன்னாலேயே எல்லோரையும் இறக்கிவிடுவது. பெரியவர்கள், குழந்தைகள், தட்டு, பழக்கூடை எல்லாம் மண்டப வாசலில் இறங்கட்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஓட்டுகிறவர் மட்டும் உள்ளே போய் நிறுத்தட்டும். சென்னையில் தி.நகர் தணிகாசலம் சாலையில் மாநகராட்சி அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறது. அந்த மாதிரி இயந்திர நிறுத்தங்களில் இதுதான் முறை. எல்லோரும் வெளியிலேயே இறங்கிவிட வேண்டும், தட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடும். உள்ளே யாரும் கதவே திறப்பதில்லை. இயந்திரம் கற்றுத் தந்த ஒழுங்கை நாம் கையாலும் செய்யலாம்.

இறக்கிவிட வழியே இல்லை என்றால், கதவுக்கு ஒரு ஆள். திடமாக இருப்பவர் யாராவது முதலில் இறங்கி வந்து, பெரியவர் இறங்குகிற கதவின் விளிம்பைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, முதுகைப் பக்கத்து வண்டிக்குக் காட்டி நிற்க வேண்டும். பெரியவர் கதவைப் பிடிக்கக் கூடாது. கூரையின் உட்புறம் இருக்கிற கைப்பிடியைப் பிடித்து, முதலில் இரண்டு காலையும் வெளியே திருப்பி வைத்து, பிறகு எழ வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் இதுதான் பழக்கம். பேரன் கதவு பிடித்து நிற்கிற அழகைப் பார்த்தால் மந்திரிக்குப் பாதுகாப்பு மாதிரி இருக்கும்.

ஓட்டுகிறவருக்கு ஒரு யோசனை. கதவுக்கு எதிர்ப்பக்கத்துக் கையால் திறங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம், ஆகவே இடது கையால். இடது கையை நீட்டினால் உடம்பும் தலையும் தானாகக் கதவுப் பக்கம் திரும்பும், கண் வெளியே போகும். கதவை வீசித் திறக்கவும் முடியாது. நெதர்லாந்தில் சைக்கிள்காரர்களைக் காப்பாற்ற வந்த பழக்கம் என்பார்கள். பிரிட்டனில் 2022இல் சாலை விதிப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நமக்கு இது கார் நிறுத்தத்தைவிடக் கடைத் தெருவில் முக்கியம். கும்பகோணத்தில் ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தால், வருகிறவர் மொபெட்டில் பால் கேனோடு வருகிறவராக இருக்கலாம். அங்கே விழுவது எட்டணாப் பள்ளம் இல்லை. அந்தக் கோப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதை விரிக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கும் என் பழைய அலுவலக நண்பருக்கும் ஓயாத வாதம். வரிசையின் ஓரக் கட்டம் நல்லது, ஒரு பக்கம் சுவரோ வேலியோ இருந்தால் பாதி ஆபத்து போயிற்று என்பதில் இருவருக்கும் சம்மதம். எந்த ஓரம்? எல்லா வண்டியும் ஒரே திசை பார்த்து நின்றால், உங்கள் இடது பக்கத்து வண்டியின் ஓட்டுநர் கதவு உங்களைப் பார்த்து இருக்கும். உங்கள் வலது பக்கத்து வண்டியின் பயணிகள் கதவு உங்களைப் பார்த்து இருக்கும். எந்த வண்டியானாலும் ஓட்டுநர் ஒருவர் இறங்கியே தீர வேண்டும், ஆகவே இடது பக்கம்தான் ஆபத்து, இடது ஓரச் சுவரைப் பிடி என்பது நண்பர் கட்சி. அலுவலக வாசலுக்கு அது சரி. ஒற்றை ஆளாக வருகிறவர்கள் அங்கே அதிகம். கல்யாண மண்டபத்துக்கு அது செல்லாது என்பது என் கட்சி. ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் அகலம் தெரியும், கொஞ்சமாவது பார்த்துத் திறப்பார். பின்சீட்டில் தூங்கி எழுந்து இறங்குகிற சித்தப்பாவுக்கு என்ன தெரியும்? ஆகவே மண்டபத்தில் வலது ஓரம். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓரம் கிடைக்காவிட்டால் பக்கத்து வண்டியைப் பார்த்து நிறுத்துங்கள். ஜன்னலில் பொம்மை போட்ட வெயில் திரை இருந்தால் உள்ளே குழந்தை உண்டு, தள்ளி நிறுத்துங்கள். மாருதி ஆம்னியோ ஈக்கோவோ நின்றால் விடாதீர்கள், ஓடிப் போய்ப் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்கதவு நகர்ந்து திறக்கிற வண்டி. யாரையும் குத்தாது. வாடகை வண்டிகளும் நல்ல அயலார்தான். கஞ்சனூர் சுக்கிரன், சூரியனார்கோயில் என்று எங்களைச் சுற்றி நவக்கிரகத் தலங்கள். ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்கிற அவசரத்தில் வருகிறவர்கள் வண்டி நிற்பதற்குள் குதிப்பார்கள். ஆனால் அந்த ஓட்டுநர்கள் தாங்களே இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மரியாதை என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். கதவு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். (2024இலிருந்து கும்பகோணத்திலிருந்து அரசுப் பேருந்தே நவக்கிரகச் சுற்றுலா போகிறது. கதவுத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அதில் போகலாம்.)

சாலையோரம் மண்ணில் நிறுத்தும்போது இன்னொன்று. எங்கள் பக்கம் தார்ச்சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிற ஓரம் வாய்க்கால் பக்கம் சரிந்திருக்கும். சரிவுப் பக்கக் கதவைத் திறந்தால் அது தன் பாரத்திலேயே ஓடி விரியும். ஆடியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். அம்மியையே பறக்க வைக்கிற காற்றுக்குக் கார்க் கதவு எம்மாத்திரம்? அந்த நாளில் கதவைக் கையில் பிடித்தபடியே திறக்க வேண்டும்.

ரப்பர் பட்டைகள் இரண்டு விதம் விற்கிறார்கள். ஒன்று வண்டியின் பக்கவாட்டில் ஒட்டுவது. பழைய கார்களில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது, இப்போது அழகு கெடும் என்று எடுத்துவிட்டார்கள். இன்னொன்று கதவு விளிம்பில் செருகுவது. முதலாவது நம் வண்டியை மற்றவர் கதவிலிருந்து காக்கும். இரண்டாவது மற்றவர் வண்டியை நம் கதவிலிருந்து காக்கும். உதிரிபாகக் கடையில் விசாரித்தேன். எது அதிகம் விற்கிறது என்று சொல்லவும் வேண்டுமா? எல்லோரும் இரண்டாவதை மாட்டிவிட்டால் முதலாவது யாருக்குமே தேவைப்படாது. விலையும் குறைவு. புது வண்டி வரும்போது கதவில் ஒட்டி வருகிற நுரைப் பஞ்சுத் துண்டை வருஷக்கணக்கில் எடுக்காமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அவர்கள் பக்கத்தில் நிம்மதியாக நிறுத்தலாம்.

சரி, பள்ளம் விழுந்தே விட்டது. என்ன செய்வது? இங்கேதான் என் பழைய உத்தியோகம் பேச வேண்டும்.

கதவின் வெளித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். நடுப்பகுதியில் பின்னால் முட்டுக் கொடுக்க ஒன்றும் ஒட்டி இருக்காது. அதனால்தான் நடுவில் பட்டால் குழி விழுகிறது, சக்கர வளைவின் ஓரத்தில் பட்டால் அவ்வளவாக விழுவதில்லை. பெயின்ட் உடையாமல், தகடு மடியாமல், உருண்டையாகக் குழி விழுந்திருந்தால் பெயின்ட்டைத் தொடாமலேயே எடுக்கலாம். உள்பக்கத்திலிருந்து வளைந்த கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள், அல்லது வெளியில் பசை வைத்து ஒட்டி இழுப்பார்கள். தெரிந்த கை வேண்டும். பெயின்ட் உடைந்திருந்தால் பழைய வழிதான். தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். வெள்ளை வண்டி என்றால் ஓரளவு சேர்ந்துவிடும். மின்னுகிற நிறம் என்றால் அந்தக் கதவு மட்டும் வேறு வண்டிக் கதவு மாதிரி தெரியும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் குழி தானாக வெளியே வரும் என்று செல்போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பிளாஸ்டிக் பம்பருக்கு அது பலிக்கலாம். இரும்புக் கதவில் ஊற்றினால் கை வெந்ததுதான் மிச்சம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கிளெய்ம் போடலாமே என்பீர்கள். போடுவதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்களுடையது. அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ‘நோ கிளெய்ம் போனஸ்’. ஐந்து வருஷம் கிளெய்மே போடாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறித்தான் மறுபடி 50க்கு வரும். கணக்குக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் 4,000 போகும். அடுத்து 2,400, பிறகு 2,000, பிறகு 1,200, கடைசியில் 400. மொத்தம் 10,000 ரூபாய். வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையும், ஆகவே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாலாயிரம் ரூபாய் வேலைக்கு ஆயிரம் கழித்து மூவாயிரம் வாங்கிக்கொண்டு, பத்தாயிரத்தை விட்டுவிட்டுப் போனவர்கள் என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சொன்னால், கிளெய்ம் கொடுக்க மனமில்லாமல் சொல்கிறான் என்றுதான் நினைத்தார்கள். ‘ஜீரோ டெப்’ எடுத்திருக்கிறேனே என்பார்கள் சிலர். அது தேய்மானத்தைக் கழிக்காமல் இருப்பதற்கு. போனஸைக் காப்பாற்றுவதற்குத் தனிச் சேர்க்கை உண்டு, அதற்குத் தனிக் கட்டணம்.

இடித்தவர் இன்ஷூரன்ஸில் வாங்கலாமா என்றால், சட்டப்படி வழி இருக்கிறது. காருக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் பிறர் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை உண்டு. (ஏழரை என்ற எண்ணை யார் தேர்ந்தெடுத்தார்களோ, சனி பகவானுக்குத்தான் வெளிச்சம்.) ஆனால் அதற்கு வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எட்டணாப் பள்ளத்துக்கு வக்கீல் வைத்து வாய்தா வாங்குகிறவர் உலகத்தில் இல்லை.

ஆக, சட்டமும் காப்பீடும் கைவிட்ட இடம் இது. மிஞ்சுவது இடித்தவரின் மனசு. ஒருமுறை கும்பகோணத்தில் ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தபோது என் வண்டியின் துடைப்பான் இடுக்கில் ஒரு பில் துண்டு இருந்தது. ‘ஐயா, எங்க வண்டி கதவு உங்க கதவுல பட்டுச்சு, இதான் என் நம்பர்’ என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. வாடகை வண்டி ஓட்டுநர். போன் செய்தேன். ‘முதலாளிக்குத் தெரிய வேண்டாம் சார், நானே குடுத்துடறேன்’ என்றார். நான் ஒன்றும் வாங்கவில்லை. குழி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அதே கதவில் ஒரு ஜாண் தள்ளி, மண்டபத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன இன்னொரு குழி இருக்கிறது. அதைப் பார்த்தால் வருகிறது. இரண்டும் ஒரே அளவுதான்.

மண்டபத்துக்காரர்களும் ஏதாவது செய்யலாம். 2016 மகாமகத்துக்குக் கும்பகோணத்தைச் சுற்றி ஊருக்கு வெளியே திடல்களில் வண்டியை நிறுத்த வைத்தார்கள். 2028இல் மறுபடி மகாமகம் வருகிறது. அதற்குள் மண்டபங்களாவது பழகிக்கொள்ளட்டும் என்று, எனக்குத் தெரிந்த ஒரு மண்டப உரிமையாளரிடம் போய்ப் பேசினேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை, கபடிக்குக் கோடு போடுகிற மாதிரி முகூர்த்தத்துக்கு முதல் நாள் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுங்கள், ஒரு வண்டிக்கு மூன்று மீட்டர் விடுங்கள், வாசலுக்குப் பக்கத்தில் நாலு கட்டம் வயதானவர்கள் இறங்குவதற்கு என்று காலியாக வையுங்கள் என்றேன்.

அவர் கணக்கில் கெட்டிக்காரர். ‘நூறு மீட்டர்ல ரெண்டரை மீட்டர் போட்டா நாப்பது வண்டி சார். மூணு போட்டா முப்பத்திமூணு. ஏழு வண்டி எங்க போவும்?’ என்றார். மேற்கே ஒட்டினாற்போல் அவருடைய களம் வருஷத்தில் பாதி நாள் சும்மாதானே கிடக்கிறது என்றேன். சிறிது நேரம் மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குறுவை அறுப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார்.